ரோஸ் பேர்ட்: மக்கள் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிய தலைமை நீதிபதி – கேள்வி பதில்

யார் இந்த ரோஸ் பேர்ட்?

1977 முதல் 1987 தொடக்கம் வரை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாக இருந்தவர். அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண்ணே அவர்தான், அதுவும் நேராகத் தலைமை நாற்காலியில். அதற்கு முன் எந்த நீதிமன்றத்திலும் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை, வயது 40. 1986 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் மூன்றில் இரண்டு பங்குப் பேர் "இவர் வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். இன்றைக்கும் அமெரிக்காவில் நீதிபதிகளும் தேர்தலும் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அவர் பெயர் வந்துவிடும், பெரும்பாலும் மரண தண்டனை என்ற ஒரே விஷயத்தோடு சேர்த்து. அவர் வாழ்க்கையில் அதைத் தாண்டியும் நிறைய இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உச்ச நீதிமன்றம் வாஷிங்டனில்தானே இருக்கிறது?

அது நாடு முழுவதற்குமானது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக அரசியலமைப்பு உண்டு, தனிச் சட்டங்கள் உண்டு, அவற்றுக்குக் கடைசி வார்த்தை சொல்ல ஒரு நீதிமன்றமும் உண்டு. கொலை, சொத்து, விவாகரத்து, ஒப்பந்தம் என்று சாதாரண மனிதர் கோர்ட்டுக்குப் போகிற விஷயங்களில் முக்கால்வாசி மாநிலச் சட்டத்தில்தான் வரும். ஆகவே மாநில உச்ச நீதிமன்றத்தை நம் ஊர் உயர் நீதிமன்றம் மாதிரி நினைத்தால் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டதாகிவிடும்: மாநிலச் சட்டத்துக்கு அவர்கள் சொல்லும் பொருளை வாஷிங்டன் நீதிபதிகளே மாற்ற முடியாது, தேசிய அரசியலமைப்போடு மோதினால் ஒழிய. கலிஃபோர்னியாவில் ஏழு நீதிபதிகள். தலைமையிடம் சான்ஃப்ரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸிலும் சேக்ரமென்டோவிலும்கூட அமர்வுகள் நடக்கும்.

நீதிபதிக்கு மக்கள் ஓட்டுப் போடுவதா?

ஆமாம். மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. சிலவற்றில் இரண்டு பேர் எதிரெதிராக நின்று நேரடியாகவே போட்டி போடுகிறார்கள். கலிஃபோர்னியா 1934-லிருந்து வேறு வழியில் போகிறது. கவர்னர் (அங்கே மக்கள் தேர்ந்தெடுத்து மாநிலத்தை ஆள்பவர், நம் முதல்வர் மாதிரி) பெயரைச் சொல்வார். தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி ஒருவர் என மூன்று பேர் கொண்ட குழு ஒப்புதல் தர வேண்டும். அப்புறம் அடுத்த கவர்னர் தேர்தல் வரும்போது ஓட்டுச்சீட்டில் அந்த நீதிபதியின் பெயரும் இருக்கும். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது, இவர் பதவியில் தொடரலாமா, ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஒரு முழுப் பதவிக்காலம் 12 வருடம். ரொம்ப காலம் இது வெறும் சடங்காகத்தான் நடந்தது. 1986 வரை இந்த முறையில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூடத் தோற்றதில்லை, பெரும்பாலான வாக்காளர்களுக்கு அந்தப் பெயர்கள் யாருடையவை என்றே தெரியாது.

எங்கிருந்து வந்தார்?

1936 நவம்பர் 2, அரிசோனாவில் டூசான் நகரத்துக்கு அருகே பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போய் இவரையும் அண்ணன்மார் இருவரையும் வளர்த்தார். பிறகு குடும்பம் நியூயார்க் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம், அப்புறம் பெர்க்லியில் சட்டப் படிப்பு, 1965-ல் முடித்தார். நெவாடா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிக்கு உதவியாளராக ஒரு வருடம், அங்கே அந்த வேலைக்கு வந்த முதல் பெண். பிறகு கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம், அதாவது குற்றம் சாட்டப்பட்டு, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடுகிற இடம். அங்கேயும் முதல் பெண் வழக்கறிஞர் இவர்தான். எட்டு வருடம் அங்கே இருந்தார், கடைசிக் காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் கற்பித்தார்.

"முதல் பெண்" என்ற பட்டத்தை அவர் வாழ்க்கையில் இத்தனை முறை எழுத வேண்டியிருக்கிறது, எனக்கே சலிப்பாக இருக்கிறது. ஆனால் அது சும்மா அலங்காரம் இல்லை. போன இடமெல்லாம் தனக்கு முன்னால் ஒரு பெண் இருந்ததில்லை என்றால், யாரையும் எளிதில் நம்பாத, தன் வேலையைத் தானே கவனமாகக் காத்துக்கொள்ளும் சுபாவம் வரத்தானே செய்யும்? பின்னாளில் சக நீதிபதிகள் அவரிடம் குறை சொன்னது இதைத்தான்.

அரசியலுக்குள் எப்படி வந்தார்?

1974-ல் ஜெர்ரி பிரவுன் கவர்னர் தேர்தலில் நின்றபோது, பெர்க்லி நாட்களிலேயே தெரிந்தவர் என்பதால் பிரசாரத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தார், அவருக்குக் கார் ஓட்டுவது உட்பட. பிரவுன் ஜெயித்ததும் விவசாயமும் சேவைகளும் அடங்கிய பெரிய துறைக்குச் செயலாளர் ஆக்கினார். கலிஃபோர்னியா அமைச்சரவையில் முதல் பெண் – பார்த்தீர்களா, மறுபடியும்.

அந்தப் பதவியில் என்ன செய்தார்?

இங்கேதான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த பகை இங்கே முளைத்தது.

சலினாஸ் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் லெட்யூஸ் கீரை வயலில் களையெடுக்கவும் பயிர் கலைக்கவும் ஒரு களைக்கொத்து கொடுப்பார்கள். கைப்பிடி முழங்கை நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தொழிலாளர்கள் ஸ்பானிஷில் 'எல் கோர்ட்டிட்டோ' என்பார்கள், 'குட்டையன்' என்ற மாதிரி. அதைப் பிடித்தால் நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடித்துக் குனிந்தே இருக்க வேண்டும், மைல் கணக்கான பாத்திகளில் அப்படியே நகர வேண்டும். முப்பது வயதிலேயே முதுகுத்தண்டு கெட்டுப்போனவர்கள் ஏராளம். நீளக் கைப்பிடி கொடுத்தால் என்ன கேடு என்றால், முதலாளிகள் சொன்ன காரணம் குட்டையானால்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்பது. தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு: நிமிர்ந்து நின்றவன் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கிராமப்புற சட்ட உதவி வழக்கறிஞர்கள் போட்ட வழக்கில் 1975 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அதே வருடம் பேர்டின் பொறுப்பில் இருந்த நிர்வாகம் அந்தக் கருவியைத் தடை செய்தது.

அதே 1975-ல் விவசாயத் தொழிலாளர் உறவுச் சட்டம் வந்தது. 1935-ன் தேசியத் தொழிற்சங்கச் சட்டம் விவசாயக் கூலிகளை வெளியே விட்டுவிட்டது, சங்கம் வைத்து ரகசிய வாக்கெடுப்பு நடத்தும் உரிமையை கலிஃபோர்னியா இந்தச் சட்டத்தால் கொடுத்தது. வரைவிலும் பேச்சுவார்த்தையிலும் பேர்டின் பங்கு பெரியது. பெருவிவசாய முதலாளிகள் இந்த இரண்டையும் மறக்கவில்லை. 1978-ல் அவரை எதிர்த்து முதலில் பணம் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் அவர்கள் நிற்கிறார்கள்; மரண தண்டனையெல்லாம் அப்போது இன்னும் பெரிய பேச்சே இல்லை.

தலைமை நீதிபதி ஆனதில் எதிர்ப்பு வந்ததா?

நன்றாகவே வந்தது. பதவி காலியானபோது எல்லாரும் எதிர்பார்த்த பெயர் ஸ்டான்லி மோஸ்க், 1964-லிருந்து அதே நீதிமன்றத்தில் இருந்தவர், அதற்கு முன் மாநில அட்டர்னி ஜெனரல். அவரைத் தாண்டி, நீதிபதி அனுபவமே இல்லாத 40 வயதுப் பெண்ணை பிரவுன் நியமித்தார். மூவர் குழுவில் 2-க்கு 1 என்று ஒப்புதல் கிடைத்தது. 1977 மார்ச்சில் பதவியேற்றார்.

உள்ளே போனதும் தலைமை நீதிபதிக்கான சொகுசுக் காரை ஒழித்தார். நீதிமன்றத்தில் பல வருடம் ஒரே மாதிரி நடந்த காரியங்களை யாரிடமும் அதிகம் கேட்காமல் மாற்றினார். அவருடைய தலை அலங்காரத்தைப் பற்றிக்கூடப் பத்திரிகைகள் எழுதின, ஆண் நீதிபதிகள் யார் தலையைப் பற்றியும் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றும் சொல்ல வேண்டும்: ஆறு அனுபவசாலிகளை வைத்து நடத்த வேண்டிய இடத்தில் நாலு பேரை அனுசரித்துப் போகும் சாமர்த்தியம் வேண்டும், அது அவரிடம் குறைவு.

1978 தேர்தலில் என்ன ஆனது?

51.7 சதவீதம் வாங்கித் தப்பித்தார். மற்ற நீதிபதிகள் தூங்கிக்கொண்டே ஜெயிக்கிற தேர்தல் அது என்பதை நினைவில் வையுங்கள்.

வாக்குப்பதிவு அன்று காலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது: துப்பாக்கியோடு குற்றம் செய்தால் கட்டாயச் சிறை என்ற சட்டத்தைத் தளர்த்தும் தீர்ப்பு தயாராக இருக்கிறது, தேர்தலுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று. டேனர் வழக்கு. தீர்ப்பு டிசம்பரில் வந்தது (1979-ல் நீதிமன்றம் தானே அதை மாற்றிக்கொண்டது தனிக் கதை). விசாரணை வையுங்கள் என்று பேர்டே கேட்டார். 1979-ல் நீதிபதிகளை விசாரிக்கும் ஆணையத்தின் முன் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள், டிவி காமிரா முன்னால். யார் யாரோடு பேசுவதில்லை, யார் எழுதிய குறிப்பு எத்தனை வாரம் யார் மேசையில் கிடந்தது என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்தது. மோஸ்க் வழக்குப் போட்டு, தன் சாட்சியத்தைப் பொதுவில் எடுக்கக் கூடாது என்று நிறுத்தினார். கடைசியில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. நீதிமன்றத்தின் மரியாதை மட்டும் போய்விட்டது.

அவர் தீர்ப்புகளில் எதைப் படித்தால் அவரைப் புரிந்துகொள்ளலாம்?

என்னைக் கேட்டால் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும், கௌடில்லோ (1978), பார்ன்ஸ் (1986). இரண்டுமே பாலியல் வன்முறை வழக்குகள்.

கௌடில்லோவில் கேள்வி இதுதான். குற்றவாளிக்குக் கூடுதல் தண்டனை தர "பெரும் உடற்காயம்" ஏற்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். பாலியல் வன்முறை என்பதே அந்தக் காயம் ஆகுமா? ஆகாது என்றது நீதிமன்றம். பேர்ட் உடன்பட்டுத் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்: அந்தக் கொடுமை எனக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், சட்டமன்றம் எழுதிய சொற்களுக்கு அவர்கள் நினைக்காத பொருளை என் உணர்ச்சிக்காக நான் ஏற்ற முடியாது என்ற பொருளில். எதிரிகள் 1978 பிரசாரத்தில் இதைத் தூக்கிப் பிடித்தார்கள், ஒரு பெண்ணே இப்படிச் சொல்கிறாளே என்று. பெண்ணுரிமை பேசியவர்கள் சிலருக்கும் கசந்தது.

பார்ன்ஸில் கேள்வி, பாதிக்கப்பட்ட பெண் உடலால் எதிர்த்துப் போராடியிருக்க வேண்டுமா? பல காலமாக அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். போராடவில்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட கோர்ட்டுகள் உண்டு. 1980-ல் சட்டமன்றம் எதிர்ப்பு பற்றிய சொற்களைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. சொல்லை எடுத்தார்கள் என்றால் தேவையையும் எடுத்தார்கள் என்றுதான் பொருள் என்று பேர்ட் எழுதினார், உயிருக்குப் பயந்து ஒருத்தி உறைந்துபோய் நிற்பதும் உண்டு என்பதை விளக்கியபடி. இதைப் பிரசாரத்தில் யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை.

முன்னதைப் படித்தவர்கள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள், பின்னதைப் படித்தவர்கள் பெண்ணியவாதி என்றார்கள். அவர் இரண்டிலும் செய்தது ஒன்றேதான், சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டது.

வேறு முக்கியமான தீர்ப்பு?

சொத்து வரியை வெட்டிய 13-வது முன்மொழிவை 1978-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அமோகமாக நிறைவேற்றினார்கள். வாங்கிய வருடத்து விலையை வைத்து வரி என்பதால், பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே அளவு, ஒரே மதிப்பு, ஆனால் புதிதாக வாங்கியவர் பல மடங்கு கட்டுவார். இது சமத்துவமில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னவர் பேர்ட் ஒருவர்தான். அதுவும் 1978 தேர்தலுக்குச் சில வாரம் முன்னால்! தன் நலம் பார்க்கிறவர் செய்கிற காரியமா? 1992-ல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் அந்த முறை செல்லும் என்றுவிட்டது, அவர் சொன்ன அநியாயம் இன்றும் கலிஃபோர்னியா தெருக்களில் வரி ரசீதாகவே இருக்கிறது.

சரி, மரண தண்டனை விஷயத்துக்கு வருவோம். என்னதான் நடந்தது?

பின்னணி கொஞ்சம் தேவை. 1972-ல் இதே நீதிமன்றம் மரண தண்டனையையே மாநில அரசியலமைப்புக்கு முரண் என்றது. எழுதியவர் தலைமை நீதிபதி டொனால்ட் ரைட், ரொனால்ட் ரீகன் கவர்னராக இருந்தபோது நியமித்தவர். கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சன் மரண தண்டனையிலிருந்து தப்பியது அதனால்தான். அதே நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1977-ல் ஜார்ஜ் டுக்மேஜியன் என்ற மாநில செனட்டர் புதுச் சட்டம் எழுதினார். பிரவுன் வீட்டோ செய்தும் நிறைவேறியது. 1978-ல் பிரிக்ஸ் முன்மொழிவு என்று ஒன்று வந்து அதை இன்னும் அகலமாக்கியது.

அந்த 1978 சட்டம் அவசரத்தில் தைத்தது. உதாரணமாக, கொள்ளையின்போது ஒருவர் இறந்தால், கொல்லும் எண்ணம் இருந்தால்தான் மரண தண்டனையா, இல்லாவிட்டாலுமா? சொற்கள் தெளிவாக இல்லை. 1983-ல் கார்லோஸ் வழக்கில் எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கு முன் நடந்த விசாரணைகளில் ஜூரிகளுக்கு யாரும் அப்படி விளக்கியிருக்கவில்லை, ஆகவே தண்டனைகள் வரிசையாகச் சரிந்தன. மரண தண்டனை வழக்குகள் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே தானாக மேல்முறையீடாக வரும் என்பதால், எல்லாப் பழியும் அந்த ஏழு பேர் தலையில்.

பேர்ட் முன் அறுபதுக்கும் மேற்பட்ட மரண தண்டனைகள் வந்தன. ஒன்றைக்கூட அவர் உறுதி செய்யவில்லை. பெரும்பாலானவற்றில் மற்றவர்களும் அவரோடு சேர்ந்தே ஓட்டுப் போட்டார்கள், ஆனால் மற்றவர்கள் எப்போதாவது ஒன்றிரண்டை உறுதி செய்திருந்தார்கள். சொல்லைப் பிடித்துக்கொள்ளும் நீதிபதி என்று மேலே எழுதினேனே, இங்கே அது எனக்குத் தடுக்குகிறது. ஒவ்வொரு தீர்ப்பையும் தனியாகப் படித்தால் காரணம் இருக்கிறது; வரிசையாக வைத்துப் பார்த்தால், சட்டம் அனுமதிக்கிற தண்டனை அறுபது வழக்கில் ஒருமுறைகூடப் பொருந்தவில்லை என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அப்படி ரத்தான வழக்குகளில் பிறகு என்ன ஆனது?

ரத்து என்றால் விடுதலை என்று நினைத்தவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. பெரும்பாலும் மறுவிசாரணை அல்லது ஆயுள். அதிகம் பேசப்பட்ட உதாரணம் ரோட்னி அல்காலா, 12 வயதுச் சிறுமியைக் கொன்றவன். அவனுடைய பழைய குற்றங்களை ஜூரியிடம் சொன்னது முறையல்ல என்று 1984-ல் தீர்ப்பை ரத்து செய்தார்கள். 1986-ல் மறுபடி விசாரித்து மறுபடி மரண தண்டனை. பேர்ட் போய்ப் பல வருடம் கழித்து, அந்த இரண்டாவது தீர்ப்பையும் மத்திய நீதிமன்றம் ரத்து செய்தது! 2010-ல் மூன்றாவது முறை, வேறு கொலைகளும் சேர்த்து, மரண தண்டனை. 2021-ல் கைதியாக இருக்கும்போதே இயற்கையாகச் செத்தான். அந்தச் சிறுமியின் தாய் முப்பது வருடத்துக்கு மேல் கோர்ட் படி ஏறியிருக்கிறார். அவரைப் போன்ற குடும்பங்கள் 1986 விளம்பரங்களில் டிவியில் வந்து பேசியபோது, ஜூரிக்கு எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்ற சட்ட வாதம் எடுபடுமா?

1986 பிரசாரம் எப்படி நடந்தது?

டுக்மேஜியன் அப்போது கவர்னர், மறுதேர்தலில் நிற்கிறார், பேர்டை வெளிப்படையாக எதிர்க்கிறார். அதோடு விடவில்லை: அதே நீதிமன்றத்து நீதிபதிகளான ஜோசஃப் கிரோடின், குரூஸ் ரெய்னோசோ இருவரும் வரப்போகிற மரண தண்டனை வழக்குகளில் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஆதரவா எதிர்ப்பா என்று முடிவு செய்வேன் என்றார். நிலுவையில் இருக்கும் வழக்கைக் காட்டி நீதிபதியை மிரட்டுவதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைக்காது. பல மில்லியன் டாலர் செலவானது. பேர்ட் தரப்பு பிரசாரம் சொதப்பல், ஆலோசகர்களை அனுப்பிவிட்டுத் தானே நடத்தினார், பிரவுனின் கட்சிக்காரர்களும் பக்கத்தில் நிற்கப் பயந்தார்கள்.

பேர்டோடு ரெய்னோசோவும் கிரோடினும் சேர்ந்து தோற்றார்கள், முறையே சுமார் 60, 57 சதவீதம் எதிர் ஓட்டு. ரெய்னோசோ அந்த நீதிமன்றத்தின் முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நீதிபதி. மோஸ்க் வசதியாக ஜெயித்தார், 2001 வரை இருந்தார். டுக்மேஜியனுக்கு ஒரே நேரத்தில் மூன்று காலியிடம் கிடைத்தது. தன் பழைய சட்டப் பங்குதாரர் மால்கம் லூகாஸைத் தலைமை நீதிபதி ஆக்கினார். 1987-லேயே கார்லோஸ் தீர்ப்பு போய்விட்டது.

ஓட்டுப் பயம் மற்ற நீதிபதிகளைப் பாதித்ததா?

ஒருவர் வாய்விட்டே சொன்னார். ஆட்டோ காஸ், 1981 முதல் 1985 வரை அதே நீதிமன்றத்தில் இருந்தவர். தேர்தலை மறந்து தீர்ப்பு எழுதுவது குளியல் தொட்டியில் முதலை கிடப்பதைக் கவனிக்காத மாதிரி இருக்கப் பார்ப்பது என்றார். 1982-ல் ஒரு முக்கிய வழக்கில் தான் போட்ட ஓட்டு சட்டத்துக்காகவா, தேர்தலுக்காகவா என்று தனக்கே நிச்சயமில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

பதவி போன பிறகு?

கொஞ்ச நாள் லாஸ் ஏஞ்சலஸ் டிவியில் கருத்துரை சொன்னார். பெரிய சட்ட நிறுவனம் எதிலும் சேரவில்லை. பாலோ ஆல்டோவில் அம்மாவைக் கவனித்துக்கொண்டு வாழ்ந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்குப் பாலோ ஆல்டோவில் ஏழைகளுக்கான சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து ஜெராக்ஸ் எடுக்கும் வேலைகூடச் செய்தார். 1976-லேயே மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது, அதாவது தலைமை நீதிபதியாக இருந்த காலம் முழுவதும் அந்த நோயின் நிழலில்தான். அது திரும்பத் திரும்ப வந்து, 1999 டிசம்பர் 4 அன்று 63 வயதில் இறந்தார்.

அவரை அனுப்பியதால் மரண தண்டனை நிறைவேறியதா?

1967-க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் முதல் தண்டனை நிறைவேறியது 1992-ல்தான், பேர்ட் போய் ஐந்து வருடம் கழித்து. 2006 வரை மொத்தம் 13. அதன் பிறகு ஒன்றுமில்லை. 2019-ல் கவர்னர் கேவின் நியூசம் நிறுத்தி வைத்துவிட்டார். மாநில நீதிமன்றம் உறுதி செய்த பல தீர்ப்புகளை மத்திய நீதிமன்றங்கள் ரத்து செய்தன.

அவருக்குப் பிறகு இப்படி யாராவது தோற்றார்களா?

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் இல்லை. மற்ற மாநிலங்களில் உண்டு. 1996-ல் டென்னசியில் பென்னி வைட், ஒரு மரண தண்டனையை ரத்து செய்த தீர்ப்புக்காக, அதுவும் அவர் எழுதாத, வெறுமே உடன்பட்ட தீர்ப்பு. 2010-ல் அயோவாவில் மூன்று பேர் ஒரே நாளில், ஒருபாலினத் திருமணத்துக்கு வழிவிட்டதற்காக. அந்த மூவரில் தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸும் ஒருவர். அயோவாவின் அந்தத் தீர்ப்பில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அந்த வருடம் ஓட்டுச்சீட்டில் பெயர் வந்தது மூன்று பேருக்கு மட்டும்.